தொல்விண்மீன் மண்டலங்களில் வாயுவைத் தேடிய வரலாறு

வானத்தில் நாம் காண்பன விண்மீன்கள். அவ்விண்மீன்கள் எதிலிருந்து பிறந்தனவோ அந்தப் பொருளை நாம் காண்பதில்லை. குளிர்ந்த வாயுவே அப்பொருள். அதில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன். அவ்வாயு ஓரிடத்தில் திரண்டு, தன் எடையாலேயே தன்னுள் ஒடுங்கி, நடுவே வெப்பம் மிகுந்து, விண்மீனாகச் சுடர் விடுகிறது. சுடர் விட்ட பின்னர் அதனை எவரும் காணலாம். சுடர் விடுமுன் அஃது இருளில் கிடக்கிறது. அடுப்பு எரிவதைக் கண்டவர் பலர், விறகுக் கட்டில் மீதம் எவ்வளவு என்று பார்த்தவர் ஒருவருமில்லை என்று சொல்லும்படியாகவே வானநூல் நெடுங்காலம் இருந்து வந்தது.

விறகைப் பற்றிய இக்கேள்வி வெறும் ஆவலால் எழுந்ததன்று. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் எனக் கணித்திருக்கிறார்கள். இன்றைக்கு 800 கோடி முதல் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன், விண்மீன்கள் பிறந்த வேகம் இன்றைய வேகத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்காக இருந்தது. பின்னர் அவ்வேகம் தளர்ந்தது. இன்றுவரை தளர்ந்துகொண்டே வருகிறது. ஏன் தளர்ந்தது? வாயு தீர்ந்து போயிற்றா? அல்லது வாயு இருந்தும் அதை விண்மீனாக்கும் ஆற்றல் குன்றிற்றா? விண்மீன்களின் ஒளியை மட்டும் எத்தனை காலம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. வாயுவையே நேரில் அளந்தாக வேண்டும். அதற்கு வழி காட்டியவை ரேடியோ அலைகள். அந்த வழி எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது, இன்று எதுவரை சென்றிருக்கிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

வானிலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்பதே தற்செயலாகத் தெரிய வந்த செய்தி. அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர், கடல் கடந்த தொலைபேசிப் பேச்சுக்கு இடையூறு செய்யும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். இடிமின்னலால் வரும் இரைச்சல் போக, மெல்லிய இரைச்சல் ஒன்று எஞ்சிற்று. அது 24 மணிக்கு ஒரு முறை திரும்பவில்லை. 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிற்று. சூரியனைச் சார்ந்த நிகழ்ச்சியானால் 24 மணிக் கணக்கு இருக்கும். விண்மீன்களைச் சார்ந்ததானால் நான்கு நிமிடம் குறையும். ஆகவே அவ்விரைச்சல் பால் வீதியிலிருந்து வருவது என்று 1933-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். வானநூலார் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. கிரோட் ரீபர் என்ற பொறியாளர் ஒருவர் மட்டும் 1937-ஆம் ஆண்டில் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுத் தம் வீட்டுப் புறக்கடையில் ஒன்பது மீட்டர் அகலமுள்ள உலோகக் கிண்ணம் ஒன்றை நிறுத்தி, வானத்தின் ரேடியோப் படம் ஒன்றை வரையத் தொடங்கினார்.

ரீபரின் கட்டுரை எப்படியோ போர்க்கால ஐரோப்பாவுக்குச் சென்று சேர்ந்தது. அப்போது ஹாலந்து நாடு ஜெர்மானியரின் ஆதிக்கத்தில் இருந்தது. லைடன் சர்வகலாசாலை மூடிக் கிடந்தது. அங்கே பேராசிரியராக இருந்த யான் ஓர்ட், பால் வீதி சுழல்கிறது என்பதை முன்னரே நிறுவிப் புகழ் பெற்றவர். பால் வீதியின் நடுப்பகுதியைத் தூசி மறைத்திருக்கிறது; ஒளி அதனூடே வராது. ரேடியோ அலைகள் தூசியை ஊடுருவி வரும். ஆனால் வெறும் இரைச்சலைக் கேட்டுப் பயனில்லை என்று ஓர்ட் கண்டார். இரைச்சல் எல்லா அலை நீளங்களிலும் பரவியிருப்பது. அதைக் கொண்டு, அதை அனுப்பும் பொருள் நம்மை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா, எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்ல இயலாது. நிறமாலையில் ஒரு கோடு வேண்டும். அதாவது, குறித்த ஓர் அலை நீளத்தில் மட்டும் ஒலிக்கும் ஓசை வேண்டும். யாழ் நரம்பின் சுருதி தெரிந்திருந்தால்தான், அது சற்று ஏறினாலும் இறங்கினாலும் நாம் அறிய முடியும். ஆகவே அவர் வான் டெ ஹுல்ஸ்ட் என்ற மாணவரை அழைத்து, ரேடியோ அலைகளில் அப்படி ஏதேனும் கோடு உண்டா என்று கணக்கிட்டுப் பார்க்கும்படி சொன்னார்.

வான் டெ ஹுல்ஸ்டுக்கு அப்போது வயது 25. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், லைடன் வானாய்வுக்கூடத்தில் கூடிய சிறிய கூட்டமொன்றில் அவர் தம் விடையைச் சொன்னார். ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டானும் ஓர் எலெக்ட்ரானும் உள்ளன. இரண்டும் நுண்ணிய காந்தங்கள் போன்றவை. இரண்டின் தற்சுழற்சியும் ஒரே திசையை நோக்கி நிற்கும் நிலையில் அணுவின் சக்தி சற்று மிகுதி. எதிரெதிராக நிற்கும் நிலையில் சற்றுக் குறைவு. மிகுதியான நிலையிலிருந்து குறைவான நிலைக்கு அணு புரளும்போது 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அலை வெளிப்படும். அதன் அதிர்வெண் 1,420 மெகாஹெர்ட்ஸ்.

கணக்கு எளிது, ஆனால் நம்பிக்கை தருவதன்று. தனித்து விடப்பட்ட ஓர் அணு தானாக இவ்வாறு புரள்வதற்குச் சராசரி ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். பரிசோதனைக்கூடத்தில் எந்தக் குப்பியில் ஹைட்ரஜனை அடைத்து வைத்தாலும் இந்த அலையை அதிலிருந்து இயல்பாகக் கேட்க முடியாது. ஆயினும் விண்வெளியில் அணுக்களின் தொகை கணக்கிலடங்காது. ஆதலின் அலை வரலாம், வராமலும் போகலாம் என்ற அளவிலேயே வான் டெ ஹுல்ஸ்ட் தம் முடிவைச் சொல்லி வைத்தார். ரஷ்யாவில் ஷ்க்லோவ்ஸ்கி 1949-ஆம் ஆண்டில் இதே கணக்கைத் தனியாகச் செய்து, கேட்கக்கூடிய வலிமை அதற்கு உண்டு என்று துணிந்து கூறினார்.

போர் முடிந்த பின், ஜெர்மானியர் கடற்கரையோரம் விட்டுச் சென்ற வூர்ட்ஸ்புர்க் ராடார்க் கிண்ணங்களில் ஒன்று ஓர்ட் குழுவினருக்குக் கிடைத்தது. ஏழரை மீட்டர் அகலமுள்ளது. பகைவரின் விமானங் காட்டும் கருவி விண்வெளி ஹைட்ரஜனைத் தேட நிறுத்தப்பட்டது. கோட்விக் என்ற ஊரில் அதை அமைத்து, கையால் சக்கரம் சுற்றித் திருப்பி வந்தார்கள். 1950-ஆம் ஆண்டில் அங்கே தீப்பிடித்து, அரும்பாடுபட்டுச் செய்த ஏற்பி எரிந்து போயிற்று. முல்லர் என்ற பொறியாளர் வந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார்.

அந்த இடைவெளியில்தான் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாரல்டு யூயன் என்ற மாணவர் முந்திக்கொண்டார். அவருடைய ஆசிரியர் எட்வர்ட் பர்ஸெல். அவர்களுக்குக் கிடைத்த நன்கொடை 500 டாலர். ஒட்டுப் பலகையால் பெரிய கொம்பு ஒன்று செய்து, உள்ளே செம்புத் தகடு ஒட்டி, ஆராய்ச்சிக்கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே வாயைத் திறந்துகொண்டு நிற்கும்படி வைத்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியே அறைக்குள் வந்தது. பனிக்காலத்தில் மாணவர்கள் பனியுருண்டைகளை அதற்குள் குறி பார்த்து எறிந்து விளையாடினார்கள். கொம்பை எங்கும் திருப்ப வசதியில்லை. பூமி சுழலும்போது வானம் தானே அதன் எதிரே வந்து போகும். யூயன் செய்த உபாயம் ஒன்று மிக நேர்த்தியானது. ஏற்பியின் அதிர்வெண்ணை ஒரு கணம் கோட்டின் மீதும், மறுகணம் கோட்டுக்குச் சற்று விலகியும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் பதிவு செய்தார். கருவியின் சொந்த இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துவிடும். வானத்தின் ஓசை மட்டும் எஞ்சும். 1951-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் அது எஞ்சிற்று.

பர்ஸெலின் பெருந்தன்மையை இங்கே சொல்லாமல் விடுவது முறையாகாது. வான் டெ ஹுல்ஸ்ட் அச்சமயம் ஹார்வர்டுக்கு வந்திருந்தார். தங்கள் உபாயத்தை மறைக்காமல் அவருக்கு விளக்கினார்கள். அச்செய்தி ஹாலந்துக்குச் சென்றது. மே 11-ஆம் நாள் முல்லரும் ஓர்ட்டும் அதே கோட்டைக் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டியன்ஸனும் ஹிண்ட்மனும் அவசரமாக ஒரு கருவியைக் கூட்டிக் கேட்டு, தந்தி வாயிலாக உறுதி செய்தார்கள். அமெரிக்கக் கட்டுரையும் டச்சுக் கட்டுரையும், ஆஸ்திரேலியரின் செய்தியோடு சேர்ந்து, ‘நேச்சர்’ இதழில் ஒரே நாளில், செப்டம்பர் முதல் தேதியில் வெளிவந்தன. முதலில் கண்டவர் என்ற பெருமைக்காக எத்தனையோ பூசல்கள் நடந்திருக்கும் விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய அடக்கம் அடிக்கடி காணக்கூடியதன்று.

அடுத்த சில ஆண்டுகளிலேயே பால் வீதியின் சுருள் கரங்கள் வரைபடமாயின. ஆனால் நம் பொருள் தொலைவிலுள்ள பழைய மண்டலங்கள். அங்கே இரண்டு இடையூறுகள் காத்திருந்தன. முதலாவது, இக்கோடு மிக மெல்லியது. அண்டை மண்டலங்களுக்கு அப்பால் சென்றால் கேட்காது. இரண்டாவது, பிரபஞ்சம் விரிந்து வருவதால் அலையும் வழியிலேயே நீண்டுவிடுகிறது. அலை புறப்பட்ட காலத்திலிருந்து இன்றுவரை பிரபஞ்சம் இரு மடங்கு விரிந்திருந்தால் 21 சென்டிமீட்டர் அலை 42 சென்டிமீட்டராக வந்து சேரும். இது இடையூறாயினும், நன்மையும் இதில் உண்டு. எவ்வளவு நீண்டது என்று அளந்தால், எந்தக் காலத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். கடிதத்தின் உறையிலேயே தபால் முத்திரைத் தேதி இருப்பது போன்றது இது.

ஹைட்ரஜன் அணு கைகொடுக்காத இடத்தில் வேறு தூதுவரைத் தேட வேண்டியதாயிற்று. விண்மீன்கள் நேராகப் பிறப்பது அணுவாகச் சிதறிய ஹைட்ரஜனிலிருந்து அன்று; அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறுகள் செறிந்த இருண்ட முகில்களிலிருந்து. அம்மூலக்கூறோ குளிர்ந்த நிலையில் ஊமை. அதன் இரு பாதிகளும் ஒத்திருப்பதால் ரேடியோ அலை எழுப்ப அதனால் முடிவதில்லை. ஆனால் அதன் ஊடே, ஏறத்தாழப் பதினாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், கார்பன் மோனாக்ஸைடு கலந்திருக்கிறது. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டினால் உயிரைக் குடிக்கும் அதே நச்சு வாயு. 1970-ஆம் ஆண்டில் வில்ஸன், ஜெஃபர்ட்ஸ், பென்ஸியாஸ் ஆகிய மூவரும் ஓரியன் நெபுலாவில் அதன் கோட்டை 2.6 மில்லிமீட்டர் அலை நீளத்தில் கண்டார்கள். ஊமையின் கருத்தை அருகிலிருப்பவன் வாயால் அறிவது போல, அன்று முதல் ஹைட்ரஜன் மூலக்கூறின் அளவை கார்பன் மோனாக்ஸைடைக் கொண்டு ஊகித்து வருகிறார்கள். இந்த ஊகத்தில் பிழைக்கு இடமுண்டு. கார்பனும் பிராணவாயுவும் குறைவாக உள்ள இளம் மண்டலங்களில் ஒன்றுக்குப் பதினாயிரம் என்ற கணக்கு அப்படியே செல்லுமா என்பது இன்றும் வாதத்துக்குரியது.

1991-ஆம் ஆண்டில் பிரவுன், வாண்டன் பௌட் என்ற இரு அமெரிக்கர், மிகத் தொலைவிலுள்ள மண்டலம் ஒன்றில் கார்பன் மோனாக்ஸைடைக் கண்டதாக அறிவித்தார்கள். அவ்வொளி புறப்பட்டது 1,000 கோடி ஆண்டுகளுக்கும் முன். அதிலிருந்து கணக்கிட்ட வாயுவின் அளவு நம்ப முடியாத பெருந்தொகையாக இருந்தது. சில ஆண்டுகளில் உண்மை வெளிப்பட்டது. இடையே வேறொரு மண்டலம் நின்று, ஐன்ஸ்டைன் கூறியபடி, தன் ஈர்ப்பால் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெருக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி வழியே பார்த்த எறும்பை யானை என்று கொண்ட கதைதான். ஆயினும் கோடு கோடுதான். வாயு அங்கே இருந்தது மெய். தொகை குறைந்தது, துறை பிறந்தது. 2003-ஆம் ஆண்டில், பிரபஞ்சத்துக்கு 90 கோடி வயது ஆகாத காலத்துக் குவேஸார் ஒன்றிலும் அதே வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு தொன்மையிலேயே கார்பனும் பிராணவாயுவும் இருந்தன என்றால், அவற்றைச் சமைத்து உமிழ்ந்து மடிந்த விண்மீன்கள் அதற்கு முன்பே வாழ்ந்திருக்க வேண்டும்.

இன்று இத்துறையின் தலைமைக் கருவி தென் அமெரிக்காவில், சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆல்மா என்று பெயர். 66 கிண்ணங்கள் ஒரே கருவியாக இயங்குகின்றன. நுண்ணலைகளைக் காற்றிலுள்ள ஈரம் விழுங்கிவிடுமாதலால், உலகிலேயே மிக வறண்ட இடத்தை நாடிச் சென்றார்கள். 2020-ஆம் ஆண்டில் இக்கருவி கண்ட ஒரு மண்டலத்துக்கு, மறைந்த வானநூலறிஞர் ஆர்தர் உல்ஃபின் பெயரை இட்டு ‘உல்ஃப் வட்டு’ என்கிறார்கள். பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதாக இருந்தபோது, அதன் குளிர்ந்த வாயு ஒழுங்கான வட்டாகத் திரண்டு, வினாடிக்கு 272 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இளம் மண்டலங்கள் மோதலும் கொதிப்பும் நிறைந்த குழப்பமாக இருக்கும், வட்டாக அமைதியுற நெடுங்காலம் ஆகும் என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். இக்கண்டுபிடிப்பைச் செய்த குழுவில் புனேயைச் சேர்ந்த நிஸிம் கனேகரும் ஒருவர்.

2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதுகூட நிரம்பாத காலத்து மண்டலம் ஒன்றில் பிராணவாயுவின் கோட்டை ஆல்மாவின் உதவியால் கண்டார்கள். புறப்படும்போது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கினும் சிறியதாக இருந்த அலை, வந்து சேரும்போது 1.3 மில்லிமீட்டராக நீண்டிருந்தது. இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைச் செய்தன. ஒன்று இத்தாலியின் பிசா நகரத்தைச் சேர்ந்தது, மற்றொன்று ஓர்ட் இருந்த லைடனைச் சேர்ந்தது. எதிர்பார்த்ததைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு கன மூலகங்கள் அங்கே இருந்தனவாம்.

இவை யாவும் தூதுவர்களின் வாய்மொழி. ஹைட்ரஜன் அணுவின் சொந்தக் குரலைத் தொலைவிலிருந்து கேட்கும் முயற்சியில் நம் நாட்டின் பங்கு பெரிது. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

1952-ஆம் ஆண்டில் சிட்னியில் நடந்த ரேடியோ விஞ்ஞான மாநாட்டுக்கு, டில்லித் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் கே. எஸ். கிருஷ்ணன் சென்றிருந்தார். வத்திராயிருப்பில் பிறந்து, ராமனுடன் பணியாற்றிப் பெயர் பெற்றவர் அவர். ஆஸ்திரேலியரின் ரேடியோ வானநூல் சாதனைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. திரும்பி வந்து, தம்மிடம் பணியாற்றிய கோவிந்த ஸ்வரூப் என்ற இளைஞரை அங்கே பயிற்சிக்கு அனுப்பினார். ஸ்வரூப் பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றார். 1961-ஆம் ஆண்டில், வெளிநாட்டில் இருந்த அவரும் வேறு மூன்று இந்தியரும் சேர்ந்து, தாயகத்தில் ரேடியோ வானநூல் தொடங்க விருப்பம் தெரிவித்து எழுதினார்கள். ஹோமி பாபாவிடமிருந்து தந்தியிலேயே இசைவு வந்தது. 1963-ஆம் ஆண்டில் ஸ்வரூப் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அவர் முதலில் கட்டியது உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், 1970-ஆம் ஆண்டில் முடிவு பெற்றது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள நீண்ட தொட்டில் போன்ற கருவி அது. அதன் அமைப்பில் உள்ள யுக்தி பாராட்டுக்குரியது. உதகமண்டலத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரிச் சரிவில் வடக்கு தெற்காக இறங்கும் மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அதன்மேல் கிடத்திய கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஆகவே அச்சில் ஒரு சுழற்சி மட்டும் கொடுத்தால் போதும். வானத்து இலக்கொன்றை ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் தொடரலாம். பணமுள்ள நாடுகள் எந்திரத்தால் செய்ததை இங்கே மலை செய்து கொடுத்தது.

அடுத்து வந்தது புனேக்கு வடக்கே, நாராயண்காவுக்கு அருகே கோடத் கிராமத்தில் அமைந்த பெரிய மீட்டரலைத் தொலைநோக்கி. 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்கள். பதினான்கு நடுவே, பதினாறு மூன்று கரங்களாக, 25 கிலோமீட்டர் பரப்பில். கனத்த தகடுகளுக்குப் பதில், கயிறு போல் இழுத்துக் கட்டிய கம்பிகளின்மேல் மெல்லிய எஃகுக் கம்பி வலை விரித்தார்கள். மீட்டர் நீள அலைகளுக்கு வலையின் துளைகள் ஒரு பொருட்டல்ல. காற்று மட்டும் தடையின்றிப் போகும். இதனால் எடையும் செலவும் பெரிதும் குறைந்தன.

இத்தொலைநோக்கியைக் கட்டியதன் தலையாய நோக்கங்களில் ஒன்று, மண்டலக் கூட்டங்கள் உருவாகுமுன் இருந்த மாபெரும் ஹைட்ரஜன் முகில்களைக் காண்பது. ரஷ்ய அறிஞர் செல்டோவிச்சின் கொள்கைப்படி, முதலில் பெரியவை தோன்றி, அவை உடைந்து சிறியவை பிறக்கும். அவ்வாறானால் அம்முகில்கள் எளிதில் தென்படும். ஆனால் கருவி எழுந்து முடிவதற்குள் கொள்கை சாய்ந்துவிட்டது. சிறியவையே முதலில் தோன்றிப் பின்னர் கூடிப் பெரியவை ஆயின என்பது வலுப்பெற்றது. தேடிய முகில்கள் இல்லை என்றாயிற்று. இதைக் கொண்டு கட்டியவர்களைக் குறை கூறுவது எளிது. நாம் அப்படிக் கருதவில்லை. ஒரு கேள்விக்காகக் கட்டிய நல்ல கருவி, அக்கேள்வி மறைந்த பின்னும் வேறு கேள்விகளுக்கு விடை சொல்லும். இது சொல்லிற்று.

2010-களில் அக்கருவியின் ஏற்பிகள் புதுப்பிக்கப்பட்டன. அதன் பின் ஆதித்ய சௌதுரி, கனேகர், ஜயராம் செங்களூர் முதலியோர், 800 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்டலங்களை நோக்கி ஏறத்தாழ நூறு மணி நேரம் அதைத் திருப்பி வைத்தார்கள். தனியொரு மண்டலத்தின் குரல் கேட்கவே கேட்காது. திருவிழாக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சொல்லை முணுமுணுக்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு சுருதியில் என்று வைத்துக்கொள்வோம். யார் எந்த நேரத்தில், எந்தச் சுருதியில் முணுமுணுத்தார் என்ற பட்டியல் நம்மிடம் இருந்தால், ஒலிப்பதிவைத் துண்டுகளாக வெட்டி, சுருதி சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேயும், சொல் வலுக்கும். ஒளித் தொலைநோக்கிகள் முன்னரே அளந்து வைத்த பட்டியலைக் கொண்டு, இவ்வாறு 7,653 மண்டலங்களின் அலைகளை அடுக்கினார்கள்.

சொல் கேட்டது. சராசரியாக ஒவ்வொரு மண்டலத்திலும் சுமார் 1,200 கோடி சூரியன்களின் நிறையுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் இருந்தன. விண்மீன்களாகிவிட்ட நிறைக்கு அது குறைந்ததன்று. இன்றைய பெரிய மண்டலங்களில் விண்மீன்களே மிகுதி, வாயு சிறு பங்கு. அந்தப் பெருந்தொகையும், அன்று விண்மீன்கள் பிறந்த வேகத்துக்கு, 100 கோடி முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானது. பிரபஞ்சக் கணக்கில் அது சிறு பொழுது. புறவெளியிலிருந்து புதிய வாயு போதிய அளவில் வந்து சேராமல் போனதே விண்மீன் பிறப்புத் தளர்ந்ததற்குக் காரணம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். முதலில் நாம் எழுப்பிய வினாவுக்கு, விறகையே எடை போட்டுக் கிடைத்த விடை இது. இக்கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது 2020-ஆம் ஆண்டு அக்டோபரில். அதற்கு முந்திய மாதம் 7-ஆம் நாள் கோவிந்த ஸ்வரூப் புனேயில் காலமாகிவிட்டார்.

பின்னர், 2023-ஆம் ஆண்டு ஜனவரியில், அர்ணாப் சக்ரவர்த்தியும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நிருபம் ராயும், அதே தொலைநோக்கியால் 880 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தனி மண்டலத்தின் ஹைட்ரஜன் அலையைக் கேட்டதாகத் தெரிவித்தார்கள். இங்கேயும் இடையே நின்ற மண்டலம் ஒன்று பூதக்கண்ணாடியாகி முப்பது மடங்கு பெருக்கிக் கொடுத்தது. 21 சென்டிமீட்டர் அலை 48 சென்டிமீட்டராக வந்திருந்தது. சில பத்திரிகைகள் இதை வேற்றுலகத்தாரின் செய்தி என்று எழுதிவிட்டன. ஹைட்ரஜனுக்கு அத்தகைய நோக்கம் ஏதுமில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், மண்டலங்களே சரியாக உருவாகாத காலம். முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது எங்கும் நிறைந்திருந்த ஹைட்ரஜன், பிரபஞ்சத்தின் பின்னணி அலையில் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருக்க வேண்டும் என்பது கொள்கை. அங்கிருந்து வரும் 21 சென்டிமீட்டர் அலை பல மீட்டர்களாக நீண்டு, 100 மெகாஹெர்ட்ஸ் அளவிலும் அதற்குக் கீழும் வந்து விழுகிறது. வானொலி நிலையத்தாரின் சிற்றேட்டில் இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது: எஃப். எம். ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்ட 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடம், முதல் விண்மீன்களின் செய்தி வரும் வழியிலேயே அமைந்திருக்கிறது. நம் பாட்டுக் கச்சேரியும் பேச்சும் அவர்களுக்கு இடையூறு. ஆகவேதான் அத்தகைய கருவிகள் மனித நடமாட்டமற்ற இடங்களை நாடிச் செல்கின்றன.

2018-ஆம் ஆண்டு மார்ச்சில், மேற்கு ஆஸ்திரேலியப் பாலையில் எட்ஜஸ் என்ற சிறு கருவியை வைத்திருந்த அமெரிக்கக் குழுவினர், 78 மெகாஹெர்ட்ஸில் அப்பள்ளத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். அதன் ஆழம் அரை டிகிரி. கொள்கை அனுமதித்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல். மெய்யானால் ஆதி வாயு எவரும் எண்ணியதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். அதைக் குளிர்வித்தது இருட்பொருளோ என்று கட்டுரைகள் பல எழுந்தன. பௌதிகத்தின் அடிப்படையையே மாற்றக்கூடிய செய்தி. ஆனால் அந்த அதிர்வெண்ணில் வானத்தின் சொந்த இரைச்சல் ஆயிரம் டிகிரிக்கு மேல். அதற்குள் அரை டிகிரியைப் பிரித்தெடுக்கும்போது, கருவியின் கீழுள்ள தரையே பொய் சொல்லக்கூடும். மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக இருப்பதால் அலைகள் அவற்றில் பட்டுத் திரும்பிச் சிற்றலைகளை உண்டாக்கும்.

பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார்கள். தரையே வேண்டாம், தண்ணீரில் வைப்போம் என்றார்கள். தண்ணீர் எங்கும் ஒரே தன்மையது, அடுக்குகள் இல்லை. ‘சரஸ்’ என்று பெயரிட்ட தங்கள் கருவியைத் தெப்பம் ஒன்றில் ஏற்றி, 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும், ஷராவதி அணையின் பின்னீரிலும் மிதக்கவிட்டார்கள். ரேடியோத் தொலைநோக்கி ஒன்று நீரில் மிதந்து வானத்தைக் கேட்டது அதுவே முதல் முறை. பலநாள் பதிவுகளை இரண்டாண்டுகள் ஆராய்ந்து, எட்ஜஸ் கண்ட வடிவில் பள்ளம் எதுவும் வானத்தில் இல்லை என்று, 95.3 விழுக்காடு உறுதியுடன், 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்தப் பெரிய பள்ளம் கருவியின் பிழையாக இருக்கலாம் என்பதே இதன் பொருள். கொள்கை கூறும் சிறிய பள்ளம் உண்டா என்ற கேள்வி அதனால் தீரவில்லை; அதைக் கேட்கும் அளவுக்கு நுட்பமான பதிவு ஒன்றுக்காகத் தெப்பத்துக் குழுவினரும் பாலைவனத்துக் குழுவினரும் தத்தம் கருவிகளைத் திருத்தி வருகிறார்கள்.